பத்திரம் பத்திரமாக இருக்க: சர்வருக்குக் கோப்பு அனுப்புவோருக்குச் சில குறிப்புகள்

2022 நவம்பர் 11 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நூறு வருஷத்துக்கு மேலான கணக்கில் இல்லாத மழை என்றார்கள். சீர்காழி, தரங்கம்பாடி இரண்டு தாலுகாவுக்கும் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் வந்தது. முழுகிய நெல்லுக்குக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள். தரையோடு வைத்த சி.பி.யு.வுக்குள் தண்ணீர் புகுந்து போகும் கல்யாண வீடியோவுக்கும் உரக்கடைக் கணக்குக்கும் யார் வருவார்கள்? அதனால் படத்தையும் பத்திரத்தையும் ஆன்லைனில், சர்வரில் ஏற்றிவைக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் ஏற்றுகிற வேலையிலேயே அழித்துக்கொள்ளவும் நிறைய வழி இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

1. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று முதலில் பிரியுங்கள். பட்டா, சிட்டாவை அரசின் தளத்தில் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். ஆதார், ஓட்டுநர் உரிமத்துக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. இவற்றுக்காக இடத்தையும் கவலையையும் செலவழிக்க வேண்டாம். கேசட்டிலிருந்து மாற்றி வைத்த தாத்தாவின் குரல், வளைகாப்புப் படம், கடையின் பற்று வரவு: முதலில் ஏற வேண்டியவை இவைதான்.

2. 'சிங்க்' ஆகிறது என்பதற்காகப் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். சிங்க் செய்யும் மென்பொருள் இந்தப் பக்கம் நடந்ததை அப்படியே அந்தப் பக்கமும் செய்யும். இங்கே படத்தைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். போனில் இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸ் ஆப்பில் நுழைந்து படங்களை டெலீட் செய்கிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த டெலீட் ஆன்லைன் பிரதியையும் சேர்த்துக் கொண்டுபோகும். போனில் மட்டும் காலியாக வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒரு வசதி அதே ஆப்பில் இருக்கிறது. அதைத்தான் தொட வேண்டும். அழித்ததைத் திரும்பப் பெறக் கெடு உண்டு: கூகுள் போட்டோஸில் ஏறியிருந்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், கூகுள் டிரைவில் 30 நாள்.

3. எது மூலம், எது நகல் என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. 'மிரர்' என்ற வகை சிங்க், மூலத்தில் இல்லாததையெல்லாம் நகலிலிருந்து துடைத்துவிடும். மூலம் காலியாக இருந்தால் சர்வரும் காலி. மூலம் எப்படிக் காலியாகும் என்று கேட்பீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருக மறந்துவிட்டு, அது வழக்கமாக வந்து உட்காரும் ஃபோல்டரைக் காட்டி, லினக்ஸ் கணினியில் சிங்க்கை ஓட்டினால் அந்த ஃபோல்டர் வெறுமையாகத்தான் இருக்கும். விண்டோஸில் இன்னொரு வேடிக்கை. எப்போதும் 'ஈ' டிரைவாக வருகிற ஹார்ட் டிஸ்க் இன்று வரவில்லை. பாட்டு ஏற்றித் தரச் சொல்லி யாரோ கொடுத்த பென் டிரைவ் அந்த 'ஈ' இடத்தைப் பிடித்துக்கொண்டது. மிரர் ஓடியது. சர்வரில் ஐந்து வருஷத்துக் கல்யாணங்கள் போய், கானா பாட்டு வந்து உட்கார்ந்தது.

இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. மூல ஃபோல்டருக்குள் 'இருக்கிறேன்' என்று பெயரிட்ட ஒரு சின்னக் கோப்பை வைத்துவிடுங்கள். சிங்க் தொடங்கும் முன் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைக்குப் பத்து நிமிஷ வேலை. கூடவே 'ஒரே ஓட்டத்தில் 50 கோப்புக்கு மேல் அழிக்காதே' என்ற வரம்பும் போட்டுவைக்கலாம். ஆர்சிங்க், ஆர்குளோன் என்ற சிங்க் மென்பொருள்கள் இரண்டிலும் அந்த வசதி 'மேக்ஸ்-டெலீட்' என்ற பெயரில் இருக்கிறது.

4. மிரர் ஓட்டும் முன் ஒத்திகை பாருங்கள். ஆர்சிங்க்கில் 'ட்ரை-ரன்', 'வெர்போஸ்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தால் எதையும் தொடாமல், தொட்டால் என்னென்ன நடக்கும் என்று பட்டியல் மட்டும் போடும். விண்டோஸின் ரோபோகாப்பியில் 'எல்' என்ற எழுத்து இதே வேலையைச் செய்யும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் 'கம்பேர்' பட்டனை அழுத்தினால் இடமும் வலமும் படமாகவே தெரியும். கட்டளை தட்டெழுதப் பிடிக்காதவர்களுக்கு அதுதான் வசதி.

ஆர்சிங்க்கின் பட்டியல் வந்ததும் எல்லா வரியையும் படிக்க வேண்டாம். 'டெலீட்டிங்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் தேடுங்கள். நேற்று நீங்கள் கையால் அழித்தது மூன்று படம் என்றால் மூன்று வரிதான் இருக்க வேண்டும். திரையில் 'டெலீட்டிங் கல்யாணம் 2019', 'டெலீட்டிங் கல்யாணம் 2020' என்று மளமளவென்று ஓடினால் கையை எடுத்துவிட்டு, ஃபோல்டர் பெயரைத் திரும்பப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு பழக்கம் காப்பாற்றிய படங்களுக்கு அளவில்லை.

5. ஆர்சிங்க் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும்: ஃபோல்டர் பெயரின் கடைசியில் வரும் சாய்கோடு அலங்காரத்துக்கு இல்லை. கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். ஒரு நாள் கோட்டோடும் மறுநாள் கோடில்லாமலும் ஓட்டினால் சர்வரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இரட்டித்து இடம் தீரும். 'டெலீட்' என்ற சொல்லும் கூட இருந்தால், கோடு போட்டு ஓட்டுகிற நாளில் சர்வர் ஃபோல்டரில் இருக்கும் மற்றதெல்லாம் போகும்.

6. சர்வரில் அழிய வேண்டியதை அழிக்க விடாதீர்கள், ஒதுக்கச் சொல்லுங்கள். ஆர்சிங்க்கில் 'பேக்கப்-டிர்' என்ற வசதி, அழிய வேண்டிய கோப்பையும் மாற்றி எழுத வேண்டிய கோப்பின் பழைய வடிவத்தையும் வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவைக்கும். அந்த ஃபோல்டருக்கு அன்றைய தேதியையே பெயராக வையுங்கள். தப்பு நடந்தது தெரிய சில சமயம் மாசக்கணக்கில் ஆகும், அதனால் தேதி ஃபோல்டர்களை மூன்று மாசமாவது வைத்திருந்துவிட்டு அழியுங்கள். வாடகைக்கு எடுத்த சர்வர் சேவை என்றால் 'வெர்ஷனிங்', அதாவது பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள், காசு கொஞ்சம் கூடப் போனாலும்.

7. தமிழில் பெயர் வைக்கலாம், அளவாக வையுங்கள். இது வெளியூர்க் கையேடுகளில் வராத சங்கதி. பெரும்பாலான லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் அகரமேறிய மெய்க்கு 3, அதோடு புள்ளியோ கொம்போ சேர்ந்தால் இன்னொரு 3. 'சீர்காழி' நாலே எழுத்து, ஆனால் 24 பைட். விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அழைப்பிதழ் வாசகம் மாதிரி நீளமான பெயரையும் ஏற்றுக்கொள்ளும். சர்வர் அந்தக் கோப்பை வேண்டாம் என்று தள்ளிவிடும். ஆயிரம் வரிக்கு நடுவில் வரும் அந்த ஒற்றைப் பிழை யார் கண்ணிலும் படாது. 40 எழுத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கொம்பு வரும் பெயர்கள். 'கொ', 'கோ', 'கௌ' போன்றவற்றைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கும்: கொம்பும் காலும் சேர்த்து ஒரே குறியாக, அல்லது இரண்டையும் தனித்தனியாக. பழைய மேக் கணினிகள் பிரித்துத்தான் வைத்தன. விளைவு, சர்வரில் 'கோமதி காதணி விழா' என்று இரண்டு ஃபோல்டர் நிற்கும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒன்றை 'டபுளாக இருக்கிறதே' என்று அழித்தால் போச்சு. உள்ளே திறந்து எண்ணிப் பார்க்காமல் அழிக்காதீர்கள். பெயரில் நேரத்தை எழுதும்போது 10:30 என்று இருபுள்ளி போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது. 10-30 போதும்.

8. முதல் தடவை கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். 100 ஜிபி கல்யாண வீடியோவை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால், இடைவிடாமல் ஓடினாலே ஏறக்குறைய 22 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் இருந்தால் பார்க்கலாம். சென்னையிலோ சிதம்பரத்திலோ உறவினர் வீட்டில்தான் உங்கள் சேமிப்புப் பெட்டி இருக்கிறது என்றால், முதல் பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு மாறியது மட்டும் நெட்டில் போனால் போதும். ஆர்சிங்க்கின் பலமே அதுதான்: 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதிய அந்த நிரல், கோப்பில் மாறிய துண்டை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருக்க 'பார்ஷியல்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சுருக்கி அனுப்பும் வசதியைப் படம், வீடியோவுக்குப் போடாதீர்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை.

9. திறந்திருக்கும் கோப்பை அனுப்பாதீர்கள். டாலி கணக்கு மென்பொருளில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சிங்க் ஓடினால் பாதி எழுதிய கணக்கு போய்ச் சேரும். கடையை அடைத்து, டாலியை மூடி, அதன் பிறகு ஓடட்டும்.

10. 'போய்ச் சேர்ந்தது' என்பது வேறு, 'சரியாகப் போய்ச் சேர்ந்தது' என்பது வேறு. பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பின் அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிட்டு, சமமென்றால் தாண்டிப் போய்விடும். உள்ளே ஒரு துளி கெட்டிருந்தால் தெரியாது. மாசத்துக்கு ஒரு முறை 'செக்சம்' போட்டு ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுசாகப் படித்து ஒப்பிடும். ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும். பழைய மேசைக் கணினி என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். அப்போது இன்று எழுதிய கணக்கும் பழசாகத் தெரியும். 'புதுசு இருந்தால் மட்டும் அனுப்பு' என்று அமைத்திருந்தால் அனுப்பாமலே விட்டுவிடும். அந்த பேட்டரியின் விலை மிகச் சொற்பம்.

11. மூன்று பிரதி, இரண்டு விதப் பொருளில், ஒன்று வெளியூரில். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு இது என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை அமெரிக்கா சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 16-ம் தேதி, சீர்காழி சட்டைநாதர் கோயில் குடமுழுக்குக்கு யாகசாலை அமைக்க மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளோடு நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளியே வந்தன, தேவாரம் பொறித்தவை. சம்பந்தர் பிறந்த ஊரில், சம்பந்தர் பாட்டைச் செம்பில் வெட்டி மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். ஓலைக்கு நேர்ந்த கதி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதி கரையான் தின்று போயிருந்தது என்பதுதான் மரபு சொல்லும் கதை. ஒரே பொருளில், ஒரே அறையில், ஒரே பூட்டுக்குள் வைத்ததன் பலன்.

கல்லுக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. கொரடாச்சேரிப் பக்கம் திருவிடைவாய். அந்தத் தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏட்டுத் தொகுப்புகளில் இல்லை. 1917-ல் அந்தக் கோயில் கல்வெட்டில் அகப்பட்டது. பிரதி வேறு பொருளில், வேறு இடத்தில் இருந்ததால் மட்டும் பிழைத்த பதிகம் அது.

இந்தக் காலத்துக் கரையானுக்கு உதாரணம் வேண்டுமென்றால், 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தகவல் மையம் எரிந்தது. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயின. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் வேலைக்கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்புக்கு வெளியே நகலே இல்லை. இத்தனை பெரிய அரசாங்கமே அப்படி என்றால், 'அதான் கிளவுட்ல இருக்கே' என்று நாம் சொல்வதில் அர்த்தம் கிடையாது. கிளவுட் என்பது எங்கோ ஓர் ஊரில் ஒரு கட்டடம், அவ்வளவுதான். உங்கள் கையில் ஒன்று, நெட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. சிதம்பரத்தில் ஒன்று வைப்பது வெளியூர் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் ஒரே புயல் இரண்டு ஊரையும் தொடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது நினைவிருக்கட்டும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ பிள்ளை இருந்தால் அங்கே அனுப்புங்கள்.

12. கையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டும். பூட்டிய கோப்பை சிங்க் 'புதுசு' என்று எண்ணி சர்வருக்கும் அனுப்பும். அப்போது கைகொடுப்பது 6-ம் குறிப்பில் சொன்ன தேதி ஃபோல்டர்தான்.

13. அமாவாசைக்கு அமாவாசை ஒரு கோப்பைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். கடையில் பூசணிக்காய் உடைக்கிற அன்றே செய்தால் மறக்காது. எந்தக் கோப்பு என்று முன்கூட்டி முடிவு செய்ய வேண்டாம். கண்ணில் பட்டதை எடுங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள், பாதியில் அறுந்தது அங்கேதான் தெரியும். கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர், தவறான சர்வரில் நின்றுகொண்டு தகவல் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பதறிப்போய்க் காப்புப் பிரதிகளைத் தேடினால், தினமும் ஓடுவதாக நினைத்தது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரித்த மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு அவரே எடுத்துவைத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள்.

14. மழைக்காலத்தில் டிஸ்க் தரையில் இருக்கக் கூடாது. பீரோவின் அடித்தட்டும் வேண்டாம். ஜிப் பை ஒன்றில் போட்டு, புது செருப்பு டப்பாவில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் போட்டு, மேல்தட்டில் வையுங்கள். நனைந்துவிட்டால் 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று கரண்ட் கொடுக்காதீர்கள். மிச்சம் இருப்பதையும் அந்த ஒரு முறை கெடுத்துவிடும். அரிசிப் பானையிலும் புதைக்காதீர்கள். நெல் விளையும் ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஆப்பிள் நிறுவனமே 2024-ல் நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. துகள் உள்ளே போனால் வேறு சேதம்.

15. அழிந்தது தெரிந்த நொடியில் முதல் வேலை, நெட்டை அணைப்பது. வீட்டில் இன்னொரு லேப்டாப்பிலும் போனிலும் அதே கணக்கு இருக்கும். அவற்றுக்கு அழிவுச் செய்தி இன்னும் போகாமல் இருக்கலாம். அவற்றையும் நெட்டிலிருந்து பிரித்துவிட்டு உள்ளே பாருங்கள். பிறகு அந்தக் கணக்கு சிங்க் ஆகாத ஒரு கருவியில் பிரவுசர் வழியாக நுழைந்து குப்பைத்தொட்டியைப் பாருங்கள். அழிந்த டிஸ்க்கில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். மீட்புக்கான மென்பொருளைக்கூட அதிலேயே இறக்கி நிறுவக் கூடாது.

16. கணக்கின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஓடிபி வரும் சிம் அப்பாவின் போனில், அப்பா துபாயில் என்றால் அவசரத்துக்கு ஒன்றும் நடக்காது. கூகுள் தரும் பத்து காப்பு எண்களைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மறந்தால் அந்த நிறுவனத்தாலும் திறக்க முடியாது. இரண்டு வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது, படங்களோடு சேர்த்து. உங்கள் வீட்டில் காலமானவர் யாருடைய கணக்காவது அப்படிச் சும்மா கிடந்தால், இந்த வாரமே நுழைந்து கூகுளின் 'டேக்அவுட்' வசதி வழியாக அத்தனையையும் இறக்கி, ஒரு டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.